மங்குஸ்தான் நிறக் கோட்டு

அறையில் பாவாடைகள் உத்திரத்திலிருந்து தொங்கின. உள்ளே பிரம்பு வளையங்கள், மேலே கொசுவலை, அதற்கும் மேலே மெல்லிய வெள்ளைத் துணி. தரையில் வைத்தால் மனிதர்களுக்கு இடமில்லை. அதனால் மஞ்சுளா அவற்றை மேலே ஏற்றிவிட்டாள். யாங்கூனின் பசுந்தாங் ஓடைப் பக்கமிருந்து காற்று வந்தால் அவை மெதுவாகத் திரும்பும். உடம்பில்லாத பெண்கள் ஆடுவதுபோல் இருக்கும். மின்சாரம் போன மதியங்களில் அவள் தரையில் படுத்து அவற்றைப் பார்ப்பாள். தூங்கினாளா விழித்திருந்தாளா என்பது அவளுக்கே தெரியாது.

நாடகம் ஓர் ஆப்பரெட்டா. பாதி பேச்சு, பாதி பாட்டு. ஐரோப்பாவில் எங்கோ ஒரு சிறு நாடு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன். ஹுசார் என்ற குதிரைப்படையைச் சேர்ந்த அதிகாரி ஒருவன் தவறான வீட்டு விருந்துக்கு வந்துவிடுகிறான். வீட்டாருக்கு அது தெரியும். மரியாதைக்காகச் சொல்லாமல் இருக்கிறார்கள். விருந்து முடிவதற்குள் அவன் அந்த வீட்டுப் பிள்ளையாகவே ஆகிவிடுகிறான். பியானோ கற்பிக்கும் டோ நிலோஃபர் அதைப் பர்மிய மொழியில் எழுதி, தன் மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். எல்லோரும் அவரைச் சயாமா என்றார்கள். மூத்த பெண்களுக்கு டோ என்பது மரியாதை, ஆசிரியைக்குச் சயாமா.

உடைகள் மஞ்சுளாவின் பொறுப்பு. அதுவரை பிறர் வரைந்ததை அவள் தைத்தாள். இம்முறை வரைந்ததும் அவளே.

துணி எதுவாகவும் இருக்கலாம், வெட்டு அந்தக் காலத்ததாக இருக்க வேண்டும் என்பது அவள் விதி. கார் இருக்கை உறை ரோமமாகலாம். கோயில் தேருக்குக் கட்டும் ஜரிகைக் கயிறு அதிகாரியின் மார்பில் குறுக்கே ஓடும் பின்னலாகலாம். ஆனால் கைக்குழி இடம் மாறக் கூடாது. அந்தக் காலத்துக் கோட்டில் கைக்குழி முதுகுப் பக்கம் தள்ளியிருக்கும். போட்டுக்கொண்டால் தோள் தானாகப் பின்னே போகும், நெஞ்சு நிமிரும். மூச்சுகூட வேறு இடத்திலிருந்து வரும்.

அதிகாரியின் கோட்டுக்குத்தான் துணி கிடைக்கவில்லை. கடைப் பட்டெல்லாம் மெலிந்து மினுங்கியது. விளக்கு பட்டால் ஏமாற்று என்று தெரிந்துவிடும்.

அவள் அப்பா அய்யாசாமி துறைமுகத்தில் வேலை செய்து ஓய்ந்தவர். அவள் குறைகளைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். பிறகு கை கழுவி, அலமாரியின் மேலிருந்து மூங்கில் பெட்டியை இறக்கினார்.

அது அம்மாவின் பெட்டி. அம்மா மா நுவே பர்மியப் பெண். மஞ்சுளா பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். அய்யாசாமி குடும்பத்தில் கணவன் இருக்க இறந்த பெண் தெய்வம். பூவாடைக்காரி என்பார்கள். அவள் சேலையைப் பெட்டியில் வைத்து, ஆண்டுக்கொருமுறை மஞ்சளும் பூவும் வைத்துப் படைப்பார்கள். மா நுவே சேலை கட்டியதே இல்லை. அதனால் இந்தப் பெட்டியில் அவர் இடுப்பில் சுற்றிய தமேன்கள் இருந்தன. அய்யாசாமிக்கு அதில் குழப்பம் எதுவும் இல்லை. சேலையும் அதுவும் ஒன்றுதான்.

கல்யாணத்துக்கு உடுத்திய தமேனை அவர் வெளியே எடுத்தார். கனமான பட்டு. மங்குஸ்தான் பழத்தின் தோல் நிறம். மடிப்பில் கறுப்பு, ஒளி பட்ட இடத்தில் சிவப்பு.

“இது ஆகுமா பாரு” என்றார்.

“அப்பா, இது அம்மாவோடது.”

“பொட்டியிலயே எத்தன காலம் இருப்பா? மேடையப் பாக்கட்டும். கதாநாயகன் தோள்ல ஏறி உக்காரட்டும். நாடகம் நல்லா ஓடும்.”

மஞ்சுளா துணியை மடியில் வைத்துக்கொண்டாள். மஞ்சள் வாசனை வந்தது. வெட்டுவதற்கு முன் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கத்தரிக்கோல் பட்டில் சத்தமில்லாமல் போயிற்று.

*

அதிகாரியாக நடித்தவன் விநாயகமூர்த்தி. சுவரொட்டியில் கோ வின். தன்லியின்னில் இருந்து பாலம் கடந்து பஸ்ஸில் ஒத்திகைக்கு வருவான். அவன் அப்பா தமிழர், இறந்துவிட்டார். அம்மா பர்மியர். மஞ்சுளாவைப் போலத்தான். ஆனால் அவளை வளர்த்தது தமிழ் அப்பா, அவனை வளர்த்தது பர்மிய அம்மா.

முதல் அளவுக்குக் கோட்டைப் போட்டவன் கண்ணாடிமுன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். பிறகு ஒரு சுரம் பாடிப் பார்த்தான். அவன் குரல் அறையைவிடப் பெரிதாக இருந்தது. மேலே பாவாடைகள் அசைந்தன.

“அக்கா, இது எங்க இருந்து வந்துச்சு?”

“எது?”

“இந்தக் குரல். என்கிட்ட இது இல்லையே.”

“தோள் பின்னால போயிருக்கு. நெஞ்சு தொறந்திருக்கு. அவ்வளவுதான்.”

“இல்ல. கோட்டு பாடுது. நான் வாயத் தொறக்கறேன்.”

அதற்குப் பிறகு ஒத்திகை முழுக்க அதைக் கழற்றாமல் பாடினான். வியர்வையில் பட்டு கெட்டுவிடும் என்று மஞ்சுளா திட்டினாள். சயாமா பியானோவிலிருந்து திரும்பாமலே சொன்னார்: “விடு மா மஞ்சு. அத கழட்டினா இவன் மறுபடி மொபைல் கடைப் பையனாயிடுவான்.”

அந்த வாரம் இரண்டாம் அளவு. பின்னலைத் தைக்க வேண்டும். வின் அறை வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

“வா தம்பி.”

“அக்கா, இத இறக்கி மாட்டக் கூடாதா?” அண்ணாந்து பாவாடைகளைக் காட்டினான்.

“எங்க இறக்கறது? ஓடையிலயா?”

அவன் சிரித்தான். ஆனாலும் சுவரோடு ஒட்டி, பாவாடை எதன் கீழும் தலை போகாமல் சுற்றி வந்து சேர்ந்தான். பிரம்பு வளையத்துக்குக் குனிந்து, ஒருக்களித்து, கடைசியில் தையல் மேசைக்கு அடியில் புகுந்து எழுந்தான்.

“அது வெள்ளைக்காரப் பாவாடைடா. இன்னும் யாரும் உடுத்தல.”

“தெரியும்க்கா. நானும் படிச்சவன்தான். ஆனா ஞாயித்துக்கிழமை வரைக்கும் ரிஸ்க் எடுக்க மாட்டேன். தெருவுல தமேன் காயப் போட்டிருந்தா அடுத்த தெருவுல சுத்திக்கிட்டு வர்றேன். நேத்து அதனாலயே பஸ்ஸ விட்டேன்.”

“ஞாயித்துக்கிழமை என்ன?”

“வார்டுல பேர் குலுக்கறாங்க. படைக்கு ஆள் எடுக்க. எங்க தெருவுல வயசுக்குள்ள இருக்கிற எல்லார் பேரும் டப்பாவுல கெடக்கு.” கோட்டுக்குள் கையை நுழைத்தான். “சனிக்கிழமை நாடகம். ஞாயித்துக்கிழமை குலுக்கல். அதுவரைக்கும் என் போங்கை நான் பத்திரமா வச்சுக்கணும்.”

போங் என்பது ஆணின் தலையிலும் தோளிலும் இருக்கும் மகிமை. அதிர்ஷ்டம் என்றும் சொல்லலாம். பெண் உடுத்திய தமேன் தலைக்கு மேலே போனாலோ தோளில் பட்டாலோ அது இறங்கிவிடும் என்பது நம்பிக்கை. யாங்கூனில் அதை அறியாதவர் இல்லை. மஞ்சுளாவுக்கும் சிறுவயதிலிருந்தே தெரியும். ஆனால் அம்மாவின் துணி அவளுக்கு ஒருபோதும் தமேனாக இருந்ததில்லை. அது பெட்டி, மஞ்சள், பூ.

அவள் வாயில் குண்டூசிகள் இருந்தன. வின்னின் தோளில் கை வைத்தாள். பட்டு அவன் உடம்புச் சூட்டில் இளகியிருந்தது. மங்குஸ்தான் நிறம் கழுத்துவரை ஏறி நின்றது.

“குத்திட்டேனா?” என்றாள்.

“இல்லையே” என்றான் அவன்.

*

“சொல்லாதே” என்றார் அய்யாசாமி. “தெரியாதது ஒட்டாது.”

“அவன் பேர் வந்துட்டா?”

“வந்தா நம்ம துணியாலயா வருது? உங்கம்மா கெடுதல் செய்வாளா?”

“செய்ய மாட்டா. எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.”

“அதான் சொல்றேன். தெரியாதவனுக்கு எதுக்குச் சொல்லணும்?”

மஞ்சுளா மனசுக்குள் கணக்குப் போட்டாள். சொன்னால் கோட்டு போகும். வேறு பட்டு இல்லை, வேறு கோட்டு தைக்க நேரமும் இல்லை. சொல்லாவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. ஞாயிறு அவன் பெயர் வந்தால் அவன் எல்லைக்கு எங்கோ போவான். போகிற வழியெல்லாம், எங்கே தவறினோம், எந்தத் துணிக்கொடியின் கீழே போனோம் என்று யோசித்துக்கொண்டே போவான். அவளுக்கு மட்டும் விடை தெரிந்திருக்கும்.

மறுநாள் ஒத்திகை மாடிக் கூடத்தில். விருந்து முடியும் கட்டம். கண்ணாடிச் சன்னல்களில் மழை ஓடியது. வெளிச்சம் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் வந்தது. வின் கடைசிப் பாட்டைப் பாடினான். இந்த வீடு என் வீடில்லை என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும், யாரும் சொல்ல வேண்டாம் என்ற பாட்டு. பாடி முடித்ததும் சயாமா கை எடுக்காமல் கட்டையிலேயே வைத்திருந்தார். நாதம் அடங்க நேரமாயிற்று.

மஞ்சுளா அவனைச் சன்னல் பக்கம் அழைத்துச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. துணி யாருடையது, எங்கிருந்தது, ஏன் எடுத்தாள். தான் நினைக்கத் தவறியது.

அவன் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினான். மேலிருந்து ஒவ்வொன்றாக. கோட்டைக் கழற்றித் தரையில் போடவில்லை. நாற்காலியில் விரித்து, கைகளை மடக்கி, பின்னல் கலையாமல் மடித்தான்.

“உங்க அம்மாவ நான் குறைவா நினைக்கலக்கா.”

“தெரியும்.”

“நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்.”

“இருந்திருக்கலாம்.”

“இன்னும் மூணு நாள்தான் இருந்துச்சு.” அவன் சிரிக்க முயன்றான். தோள்கள் முன்னே வந்துவிட்டிருந்தன. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு படியிறங்கினான். கீழே தெருவில் அவன் குடையில்லாமல் போவது தெரிந்தது.

சயாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். “வெள்ளைச் சட்டையில பாடட்டும். ஹுசாருக்குக் கோட்டு திருடு போச்சுன்னு ஒரு வசனம் எழுதிடறேன்.”

“அவன் வருவானா, சயாமா?”

“அதுக்கு வசனம் என்னால எழுத முடியாது.”

அடுத்த நாள் அவன் வரவில்லை. போனும் அணைந்திருந்தது.

*

மஞ்சுளா தன்லியின் போகும் பஸ்ஸில் ஏறினாள். கோட்டைத் துணிப்பையில் வைத்து மடியில் வைத்துக்கொண்டாள். பாலத்தில் பஸ் நின்று நின்று போயிற்று. கீழே பகோ ஆறு நகர்வதாகவே தெரியவில்லை. ஆறு நிற்க, பாலம்தான் மெதுவாக எங்கோ போவதுபோல் இருந்தது. அவள் கண்ணை மூடினாள். பையிலிருந்து மஞ்சள் வாசனை வந்துகொண்டிருந்தது.

வின்னின் அம்மா டோ மியா சந்தையில் கீரை விற்றார். மஞ்சுளா பெயரைச் சொன்னதும், தெரியும் என்று தலையசைத்தார்.

“வீட்டிலதான் படுத்திருக்கான். சுவரப் பாத்துக்கிட்டு” என்றார் தமிழில். பிறகு, “எனக்குத் தமிழ் வரும். என் புருஷன் தமிழிலதான் திட்டுவார். திட்டு எல்லாம் நல்லா வரும். வேணுமா?” என்றார்.

“திட்டுங்க. அதுக்குத்தான் வந்தேன்.”

டோ மியா திட்டவில்லை. முக்காலியைத் தள்ளினார். மஞ்சுளா உட்கார்ந்தாள். பையைக் காட்டி, “பாக்கிறீங்களா?” என்றாள்.

டோ மியா கையைத் தமேனில் துடைத்துக்கொண்டு பட்டைத் தொட்டார். உள்ளே கை விட்டுத் தையலைப் பார்த்தார். தோளைத் தூக்கிப் பிடித்தார். ஆளில்லாத கோட்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றது.

“நல்ல பட்டு. அந்தக் காலத்துப் பட்டு. உன் அம்மா எந்த ஊர்?” பர்மிய மொழிக்கு மாறியிருந்தார்.

“பியே பக்கம்.”

“எத்தனை பிள்ளைகள்?”

“நான் ஒருத்திதான்.”

“மகன் இல்லை.”

“இல்லை.”

டோ மியா கோட்டை மடியில் வைத்துக்கொண்டு கீரைக் கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்தார். ஒருத்தி வந்து விலை கேட்டுப் போனாள்.

“போருக்குப் போகிறவன் தாயின் தமேனில் ஒரு துண்டு கிழித்துத் தலையில் கட்டிக்கொள்வான். கேள்விப்பட்டிருக்கிறாயா?”

“கேள்விப்பட்டிருக்கிறேன்.”

“எவளோ உடுத்தியது இறக்கும். பெற்றவள் உடுத்தியது காக்கும். அதனால்தான் இவன் படுத்துக் கிடக்கிறான். உன் அம்மா இவனுக்கு எவளோ.” அவர் ஜரிகைப் பின்னலை விரலால் நீவினார். “இவன் அவள் வயிற்றில் பிறந்திருந்தால் எனக்கும் கவலையில்லை, அவனுக்கும் கவலையில்லை.”

மழை தகரக் கூரையில் ஆரம்பித்தது. இருவரும் ஒரே நேரத்தில் ஒரே எண்ணத்துக்கு வந்துவிட்டது மஞ்சுளாவுக்குத் தெரிந்தது. கேட்பதற்கு அவளுக்கு உரிமை இல்லை.

டோ மியா மழையைப் பார்த்தார். ஒரே மகன் என்பது அவர் முகத்தில் இருந்தது.

“தத்துக் கொடுக்க மாட்டேன்” என்றார் கடைசியில். “பங்கு தருவேன்.”

*

வெள்ளி மாலை அய்யாசாமி பெட்டியை இறக்கினார். வாழையிலை போட்டார். சோறு, வடை, பாயசம். பக்கத்தில் ஒரு கிண்ணம் மொஹிங்கா, மீன்சாறு ஊற்றிய அரிசிச் சேமியா. மா நுவேவுக்கு எல்லாவற்றையும்விட அதுதான் பிடிக்கும். பெட்டியின் மேல் கோட்டை விரித்து, அதன் தோளில் மஞ்சளும் பூவும் வைத்தார்.

வின் கதவருகே நின்றான். அவன் அம்மா கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தார், பள்ளிக்கு முதல்நாள் அழைத்து வருவதுபோல்.

“என்ன சொல்லணும்?” என்று மஞ்சுளா அப்பாவிடம் கேட்டாள்.

“எனக்கென்ன தெரியும்? இதுவரைக்கும் யாரு இப்படிச் செஞ்சா?” அய்யாசாமி கற்பூரம் ஏற்றினார். பெட்டியைப் பார்த்து, பக்கத்து அறையில் இருப்பவளிடம் பேசுவதுபோல் சொன்னார். “நுவே, பையன் வந்திருக்கான். பேரு விநாயகமூர்த்தி. நல்லாப் பாடுவான். உனக்கு ஆம்பளப் புள்ள இல்லன்னு கொறப்பட்டியே. பெத்தவளே கொண்டுவந்து விட்டிருக்கா. பாத்துக்க.”

டோ மியா முன்னே வந்து உட்கார்ந்தார். கை கூப்பிப் பர்மிய மொழியில் மெதுவாகச் சொன்னார். “அக்கா, இவனுக்குச் சளி பிடிக்கும். பச்சைத் தண்ணீர் குடிக்க விடாதீர்கள். பொய் சொன்னால் இடது காது சிவக்கும், அதை வைத்துக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். பாதிதான் தந்திருக்கிறேன். மீதி என்னிடம்.”

வின் தன் இடது காதைத் தொட்டுப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

அவன் மூன்று முறை தரையில் நெற்றி பட வணங்கினான், பகோடாவில் வணங்குவதுபோல். அய்யாசாமி இலையிலிருந்து ஒரு பிடி எடுத்து அவன் வாயில் வைத்தார். சோறும் மொஹிங்காவும் கலந்திருந்தது. அவன் மென்று விழுங்கினான். கோட்டை எடுத்து, இரண்டு கையாலும் தூக்கி, தலைக்கு மேல் ஒருமுறை வைத்துக்கொண்டான். பிறகுதான் தோளில் போட்டான்.

டோ மியா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண் இமைக்கவில்லை.

படியிறங்கும்போது வின் கேட்டான்: “இப்ப நான் உங்களுக்கு என்ன வேணும்?”

“தம்பி. முன்னயும் தம்பின்னுதானே கூப்பிட்டேன்.”

“அப்ப சும்மா கூப்பிட்டீங்க” என்றான்.

*

சனி மதியம் நாடகம். நகரம் இருக்கும் நிலையில், இருட்டுவதற்குள் எல்லோரும் வீடு போய்ச் சேர வேண்டும்.

உத்திரத்திலிருந்து இறங்கிய பாவாடைகளுக்கு உடம்புகள் கிடைத்திருந்தன. விளக்கொளியில் கொசுவலை பனியாக இருந்தது. பெண்கள் கால்களால் நடப்பதாகவே தெரியவில்லை, மிதந்தார்கள். மஞ்சுளா மேடையின் ஓரத் திரைக்குப் பின்னால் ஊசியும் நூலுமாக நின்றாள். எங்கும் எதுவும் கிழியவில்லை.

வின் வந்து நின்றான். கூடத்தில் பேச்சு அடங்கியது. மங்குஸ்தான் நிறம் விளக்கில் சிவந்து, அவன் திரும்பும்போது கறுத்தது. அந்த நிறம் மேடையைக் கடந்து போவதை அவள் பார்த்தாள். யாரோ தெரிந்தவர் போவதுபோல் இருந்தது. கல்யாணத்தன்று அது எப்படிப் போயிருக்கும் என்று நினைத்தாள். முன்வரிசையில் அய்யாசாமி கதையைக் கவனிக்கவே இல்லை. கோட்டு போன பக்கமெல்லாம் அவர் தலை போயிற்று.

இந்த வீடு என் வீடில்லை என்று வின் பாடினான். யாரும் சொல்ல வேண்டாம்.

நடுவில் மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் எடுக்கும்வரை இருட்டு. அவன் நிறுத்தவில்லை, சயாமாவும் நிறுத்தவில்லை. இருட்டில் குரல் மட்டும் இருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

*

ஞாயிறு காலை மஞ்சுளா மறுபடி பாலம் கடந்தாள். போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

வார்டு அலுவலகத்துக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள். ஆண்கள் ஒரு பக்கம், அவர்கள் வீட்டார் ஒரு பக்கம். டோ மியா நகர்ந்து இடம் கொடுத்தார். மூன்று நாளைக்கு முன்னால் இது இன்னொருவர் வீட்டுப் பயம். இப்போது அது மஞ்சுளாவுடையது.

பெயர்களை வாசித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் இடையில் மின்விசிறிச் சத்தம் கேட்டது. வின் எதிரே, ஆண்கள் வரிசையில், தோள்களைப் பின்னே தள்ளி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கோட்டு இல்லாமலே.

கடைசிப் பெயரை வாசித்தார்கள். அவன் பெயர் இல்லை. இந்த மாதத்துக்கு அவ்வளவுதான் என்று ஒலிபெருக்கி சொன்னது.

டோ மியா மூச்சை விட்டார். மஞ்சுளாவின் கையைத் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அப்போது அவர்களுக்குப் பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது. கடைசிப் பெயருக்கு உரியவனின் தாய் எழுந்து நின்றாள். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றாள்.

மஞ்சுளாவும் டோ மியாவும் எழுந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் போய் நின்று, அவளை உட்காரவைத்தார்கள்.